பயணம் 19: இரண்டு தீர்ப்புகளும் போதாது

1945 டிசம்பர் 5 அன்று பிற்பகல், ஃப்ளோரிடாவில் உள்ள ஃபோர்ட் லாடர்டேல் கடற்படை விமானத் தளத்திலிருந்து ஐந்து அவெஞ்சர் விமானங்கள் பயிற்சிக்காகக் கிளம்பின. ‘பயணம் 19’ என்பது அந்த அணியின் பெயர். போன பதினான்கு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அவர்களைத் தேடிக் கிளம்பிய மாரினர் பறக்கும் படகும் பதின்மூன்று பேரோடு அன்றிரவே அழிந்தது.

அணி அழிந்தது பற்றி அமெரிக்கக் கடற்படை இரண்டு முறை தீர்ப்பு எழுதியது. முதல் விசாரணை, அணியை நடத்திச் சென்ற பயிற்றுநர் லெப்டினன்ட் சார்ல்ஸ் டெய்லர் மீது பழியைச் சுமத்தியது. அவருடைய தாயும் உறவினர்களும் அதை எதிர்த்துப் போராடினார்கள். 1947இல் தீர்ப்பு திருத்தப்பட்டு, ‘காரணம் தெரியவில்லை’ என்றானது. முதல் தீர்ப்பு குறுகலானது. இரண்டாவது, கையில் இருந்த சாட்சியத்துக்கே முரணானது. இதுவே என் முடிவு. அதற்கான ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடைபோடுவோம்.

பயிற்சியின் திட்டம் எளிமையானது. முதலில் கிழக்கே 56 கடல் மைல் சென்று ‘ஹென்ஸ் அண்ட் சிக்கன்ஸ்’ என்ற ஆழமற்ற கடற்பகுதியில் குண்டுவீச்சுப் பயிற்சி. அதே திசையில் இன்னும் 67 மைல். பிறகு வடக்கு வடமேற்காகத் திரும்பி, கிராண்ட் பஹாமா தீவின் மேலாக 73 மைல். கடைசியாகத் தென்மேற்கே 120 மைல் பறந்தால் தளம் வந்துவிடும். நேரம், வேகம், திசை ஆகிய மூன்றையும் வைத்து இருப்பிடத்தைக் கணக்கிட்டுக்கொண்டே பறப்பதுதான் பாடம். டெய்லர் 2,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர், பசிபிக் போரில் பங்கெடுத்தவர். மாணவ விமானிகள் நால்வரும் தலா 300 மணி நேரம்போலப் பறந்திருந்தார்கள். அவெஞ்சரில் மட்டும் சுமார் 60 மணி நேரம்.

மூன்றே முக்கால் மணிவாக்கில், அதே வட்டாரத்தில் பறந்துகொண்டிருந்த ராபர்ட் காக்ஸ் என்ற இன்னொரு பயிற்றுநரின் வானொலியில் இவர்களுடைய பேச்சு விழுந்தது. கடைசித் திருப்பத்துக்குப் பிறகு வழி தவறிவிட்டது போலிருக்கிறது என்று அணிக்குள் பேசிக்கொண்டார்கள். காக்ஸ் விசாரித்தபோது, தன் இரண்டு திசைகாட்டிகளும் வேலை செய்யவில்லை என்றும், கீழே துண்டு துண்டாக நிலம் தெரிகிறது என்றும், தான் ஃப்ளோரிடா கீஸ் தீவுக்கூட்டத்தின் மேல் இருப்பது நிச்சயம் என்றும் டெய்லர் சொன்னார்.

விபத்தின் வேர் இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. கீஸ் தீவுகள் ஃப்ளோரிடாவின் தெற்கு முனையிலிருந்து தென்மேற்காக நீள்பவை. டெய்லர் அதற்குச் சற்று முன்புதான் மயாமி தளத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். கீஸ் அவருக்குப் பழகிய பகுதி. அன்று அவர் கண்ணில் பட்டவை பெரும்பாலும் பஹாமாஸின் சிறு தீவுகளாகவே இருந்திருக்க வேண்டும். கீஸில் இருப்பவர் வடக்கிலோ வடகிழக்கிலோ பறந்தால் நிலத்தைத் தொடுவார். பஹாமாஸில் இருப்பவர் அப்படிப் பறந்தால் அட்லாண்டிக்கின் நடுவுக்குப் போவார். டெய்லர் முதலில் வடகிழக்கே போனார். பிறகு மேற்கே திரும்பினார். ஆறு மணி கடந்ததும், கிழக்கே போதுமான தூரம் போகவில்லை என்று சொல்லி, மறுபடியும் கிழக்கே திரும்பலாம் என்றார். மேற்கே விடாமல் பறந்திருந்தால் கரை வந்திருக்கும். மேற்கே போனால் வீடு வந்துவிடும் என்று மாணவர்களில் ஒருவர் எரிச்சலோடு சொன்னதும் வானொலியில் கேட்டது.

ஆக, டெய்லர் மீதான குற்றச்சாட்டு வலுவானது. அவருக்காகச் சொல்லப்படும் வாதங்களையும் பார்ப்போம். முதலாவது, திசைகாட்டிகள் பழுது. இதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், மற்ற நான்கு விமானங்களிலும் திசைகாட்டிகள் இருந்தன. நல்ல திசைகாட்டி உள்ள வேறொரு விமானத்தை முன்னே விடும்படி கரையிலிருந்தே யோசனை சொன்னார்கள். அணி அப்படி மாறியதற்கு அடையாளம் இல்லை. இரண்டாவது, கிளம்பும் முன்பே தனக்குப் பதில் வேறொருவரை அனுப்பும்படி அவர் கேட்டார், மறுக்கப்பட்டது என்ற சாட்சியம். இது அவரைப் பற்றிச் சொல்வதைவிட அவரை அனுப்பியவர்களைப் பற்றியே அதிகம் சொல்கிறது. மூன்றாவது, தாயின் தரப்பு வைத்த வாதம்: விமானமும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை, அப்படியிருக்க இறந்தவரைக் குற்றவாளியாக்குவது எப்படி நியாயம்? தன்னைக் காத்துக்கொள்ள வர முடியாத ஒருவர்மீது குற்றம் சாட்ட மிகுந்த தயக்கம் வேண்டும் என்பதால் இது மதிக்க வேண்டிய வாதம். ஆனால் ஒருவரைத் தண்டிக்கத் தேவையான ஆதாரம் வேறு, நடந்ததை விளக்கத் தேவையான ஆதாரம் வேறு. கடைசி வரை பதிவான வானொலிப் பேச்சு இரண்டாவதற்குத் தாராளமாகப் போதும்.

இனி முதல் தீர்ப்பு ஏன் குறுகலானது என்று பார்ப்போம். டெய்லரின் தவறு தனியாக நின்று பதினான்கு பேரைக் கொல்லவில்லை. அதைத் திருத்தியிருக்கக்கூடிய ஒவ்வொரு கட்டமும் கைவிட்டது.

கேள்விப்பட்ட உடனே உதவிக்கு வந்தவர் காக்ஸ். கீஸில் இருந்தால் சூரியனை இடது இறக்கைப் பக்கம் வைத்துக் கரையோடு மேலே வா என்றார். கேட்பதற்குச் சரியான யோசனை. ஆனால் டிசம்பரில் நான்கு மணிச் சூரியன் தென்மேற்கில் நிற்கும். அதை இடப்பக்கம் வைத்துப் பஹாமாஸிலிருந்து பறந்தால், ஃப்ளோரிடாக் கரைக்கு ஏறக்குறைய இணையாகக் கடல் மேலேயே போக வேண்டியதுதான். சூரியனுக்கு நேராகப் பறந்திருந்தால் கரை எதிரே வந்திருக்கும். காக்ஸைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. டெய்லர் உண்மையிலேயே கீஸில் இருந்திருந்தால், சூரியனுக்கு நேராகப் பறப்பது மெக்சிகோ வளைகுடாவுக்குக் கொண்டுபோயிருக்கும். நான் கவனிக்கச் சொல்வது அடுத்து நடந்ததை. டெய்லரைச் சந்திக்கக் காக்ஸ் தெற்கே பறக்கப் பறக்க, டெய்லரின் குரல் தேய்ந்துகொண்டே போனது. நெருங்கினால் குரல் வலுக்க வேண்டும். தேய்கிறது என்றால் அணி தெற்கில் இல்லை, வடக்கில் எங்கோ இருக்கிறது. கீஸ் என்ற கருத்தைப் பொய்யாக்கும் சான்று பகல் வெளிச்சம் மிச்சமிருந்தபோதே கிடைத்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு உறுதியாகச் செயல்படும் ஏற்பாடுதான் இல்லை.

அடுத்தது அலைவரிசை. பயிற்சி அலைவரிசையில் கியூபாவின் ஒலிபரப்புகள் குறுக்கிட்டன. அவசர அலைவரிசைக்கு மாறும்படி கரையிலிருந்து கேட்டார்கள். மாறினால் அணியில் யாரையாவது தொலைத்துவிடுவோம் என்று டெய்லர் மறுத்தார். அணியைச் சிதறவிடக் கூடாது என்ற கவலை புரிகிறது. ஆனாலும் அது பிழையான முடிவு. இடைவழியில் எல்லோரும் சேர்ந்து அலைவரிசை மாற்றுவது மாணவர்களுக்குக் கைவந்த பழக்கமாக இருந்திருந்தால், அந்தக் கவலைக்கே இடமிருந்திருக்காது.

கடிகாரம் இன்னொன்று. நேரத்தைக் கொண்டு இடத்தைக் கணக்கிடும் பாடத்துக்குப் போன அந்த விமானங்களில் கடிகாரங்கள் இல்லை. நினைவுப் பொருளாகப் பலர் கழற்றிக்கொண்டு போகும் சாமான் அது. எல்லோர் கையிலும் கைக்கடிகாரம் இருக்கும் என்று நிர்வாகம் விட்டுவிட்டது.

இவை எல்லாவற்றையும்விடக் கனமானது ஐந்து ஐம்பதுக்கு நடந்தது. பல கரை நிலையங்கள் சேர்ந்து அணியின் இருப்பிடத்தைக் கணித்துவிட்டன: வடக்கு 29 பாகை, மேற்கு 79 பாகையை மையமாகக் கொண்ட நூறு மைல் வட்டம். அதாவது பஹாமாஸுக்கு வடக்கே, ஃப்ளோரிடாவுக்குக் கிழக்கே. கீஸ் பற்றிய சந்தேகத்துக்கு அந்த நொடியே முற்றுப்புள்ளி வைத்திருக்கலாம். ஆனால் பதில் வருகிறதோ இல்லையோ, அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வானொலியில் சொல்லிக்கொண்டே இருக்க எவரும் முன்வரவில்லை. கிழக்கே திரும்பலாம் என்று டெய்லர் சொன்னது அதற்குப் பிறகுதான். எந்த விமானத்திலாவது எரிபொருள் பத்து காலனுக்குக் கீழே இறங்கினால் எல்லோரும் ஒன்றாகக் கடலில் இறங்குவோம் என்று அவர் சொன்னதும் அதற்குப் பிறகுதான்.

மாணவர்கள் ஏன் பிரிந்து போகவில்லை? நால்வரில் இருவர் கடற்படைக் காலாட்பிரிவின் கேப்டன்கள். பதவியில் டெய்லருக்குச் சமமானவர்கள். ஆனாலும் அன்று அவர்கள் மாணவர்கள், அவர் பயிற்றுநர். வழி தெரிந்தும் ஆசிரியருக்குப் பின்னால் போனார்கள். அணியைக் கலைக்காதே என்று சொல்லிக்கொடுத்த அந்தப் பயிற்சி, எப்போது கலைக்கலாம் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. என் கணிப்பில் இதுதான் அன்றைய பயிற்சி முறையின் ஆகப்பெரிய குறை.

‘காரணம் தெரியவில்லை’ என்பதன் விளைவைத் தனியே சொல்ல வேண்டும். அது ஒரு தாய்க்கு ஆறுதல் தந்தது. கூடவே ஒரு வெற்றிடத்தையும் உண்டாக்கியது. 1964இல் வின்சென்ட் காடிஸ் ‘ஆர்கசி’ இதழில் பெர்முடா முக்கோணம் என்ற பெயரைக் கொண்டுவந்தபோது பயணம் 19தான் அதன் மைய நிகழ்ச்சி. மாரினர் காணாமல் போனதும் அந்த மர்மத்தில் சேர்க்கப்பட்டது. ஆனால் அந்த விமானம் கிளம்பிய சற்று நேரத்துக்கெல்லாம் ‘கெயின்ஸ் மில்ஸ்’ என்ற கப்பல் வானில் தீப்பிழம்பைக் கண்டதாகத் தெரிவித்திருந்தது. 1991இல் புதையல் தேடிய ஒரு குழு ஃபோர்ட் லாடர்டேல் கடலடியில் ஐந்து அவெஞ்சர்களைக் கண்டுபிடித்தது. எண்கள் ஒத்துப்போகவில்லை. வெவ்வேறு விபத்துகளில் விழுந்தவை அவை. இதில் வியக்க ஒன்றுமில்லை. 1941 டிசம்பரிலிருந்து 1945 ஆகஸ்ட் வரை, அமெரிக்க மண்ணுக்குள்ளேயே தரைப்படையின் விமானப் பிரிவு மட்டும் விபத்துகளில் 14,903 உயிர்களை இழந்தது. அந்த ஆண்டுகளின் உண்மையான பயங்கரம் இதுதான். இதற்கு மாயம் எதுவும் தேவைப்படவில்லை.

கடற்படை தீர்ப்பைத் திருத்திய அதே 1947இல் மூன்றாவது வழியொன்று காட்டப்பட்டது. ரைட் ஃபீல்ட் ராணுவ விமானத் தளத்தில் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், விமானக் கட்டுப்பாடுகளைக் கையாள்வதில் நேர்ந்த 460 ‘விமானிப் பிழை’ அனுபவங்களை ஆராய்ந்தார்கள். சரிபாதி, ஒரு கட்டுப்பாட்டுக்குப் பதில் இன்னொன்றைப் பிடித்து இயக்கியது. விமானத்துக்கு விமானம் இடம் மாறும் பிடிகளையும் ஒரே மாதிரியான விசைகளையும் வைத்துவிட்டு விமானியைத் திட்டுவதில் பயனில்லை, கருவியை மாற்று என்பது அவர்கள் கண்ட முடிவு. பிழை நடந்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. அதோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை.

அந்த அளவுகோலில் பயணம் 19க்கு உரிய தீர்ப்பு இது. அணி வழி தவறியதற்கு நேரடிக் காரணம், தான் கீஸில் இருப்பதாக டெய்லர் நம்பியதும், எதிர்ச்சான்றுகள் வந்தபோதும் அந்த நம்பிக்கையை முழுமையாகக் கைவிடாததும். வழி தவறியது பதினான்கு மரணங்களானதற்குக் காரணம் கடற்படையின் பயிற்சி ஏற்பாடு: கடிகாரமில்லாத விமானங்கள், கைவிட்ட அலைவரிசை ஒழுங்கு, கணித்தும் போய்ச் சேராத இருப்பிடம், ஆசிரியரை மறுக்கக் கற்றுத்தராத பாடம். நாளை சிதைவுகள் கிடைத்து, டெய்லரின் திசைகாட்டிகள் உண்மையிலேயே பழுது என்று உறுதியானாலும் இந்தத் தீர்ப்பு மாறாது. ஏனென்றால் அவருடைய தவறான நம்பிக்கையைத் திருத்த வேறு ஐந்து வழிகளாவது இருந்தன. டெய்லரின் பெயரை அழிப்பதற்குப் பதில், அவர் பெயருக்குப் பக்கத்தில் இவற்றையும் எழுதியிருந்தால் தாயின் நியாயமும் காக்கப்பட்டிருக்கும், அடுத்த அணிக்கும் பாடம் கிடைத்திருக்கும். 1947இல் கடற்படை செய்யத் தவறியது அதைத்தான்.