கோடரிக்கு ஒரு விளக்கம்

'தி திங்' என்ற பெயரில் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று 1982ல் ஜான் கார்ப்பென்டர் எடுத்தது. மற்றது 2011ல் மத்தைஸ் வான் ஹைனிங்கன் எடுத்தது. பின்னது முன்னதன் முன்கதை: கதையில் முந்தியது, காலத்தில் பிந்தியது. பெயரைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. சமீபத்தில் நண்பர்கள் நாலைந்து பேர் கூடியிருந்தபோது, இரண்டையும் கதை நடக்கும் வரிசையில் பார்ப்பதுதான் சரி, அப்போதுதான் 'முழுமை' கிடைக்கிறது என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் ஆமோதித்தார்கள். எனக்கு அன்று பதில் சொல்ல வரவில்லை. சொல்லாமல் வந்தது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்த வரிசையில் பார்த்தவன் நான். பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது விடுதியில் ஒருவனுடைய லேப்டாப்பில் 2011 படத்தைப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து 1982 படம். அதனால் எனக்கு எது போயிற்று என்பது வெகு காலம் தெரியாமலே இருந்தது.

கார்ப்பென்டர் படம் ஆரம்பிக்கும்போது அண்டார்டிகாவின் வெள்ளைவெளியில் ஒரு நாய் ஓடி வருகிறது. மேலே ஒரு ஹெலிகாப்டர். அதிலிருந்து ஒருவன் நாயைச் சுட்டுக்கொண்டே வருகிறான். குறி தப்புகிறது. நாய் அமெரிக்க ஆராய்ச்சி முகாமை அடைந்து ஒருவன் மேல் காலைப் போட்டுக் குழைகிறது. துரத்தி வந்தவன் நார்வீஜிய மொழியில் ஏதோ கத்துகிறான், மறுபடி சுடுகிறான், ஓர் அமெரிக்கனின் காலில் குண்டு படுகிறது. முகாம் தலைவன் ஜன்னல் வழியாக அவனைச் சுட்டுக் கொன்றுவிடுகிறான். நாய் பிழைத்தது. பார்ப்பவன் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறான்.

இந்தப் பெருமூச்சுதான் படத்தின் அஸ்திவாரம். கத்தியவன் சொன்னது எச்சரிக்கை, அது நாயே அல்ல என்பது பின்னால்தான் தெரிகிறது. தெரியும்போது, உண்மையைச் சொன்னவனைக் கொன்றதற்கு நாமும் மனசாரச் சம்மதித்திருக்கிறோம் என்பதும் சேர்ந்து தெரிகிறது. அவன் பேச்சுக்குக் கார்ப்பென்டர் அடியில் மொழிபெயர்ப்பு போடவில்லை. போட்டிருந்தால் நாம் குற்றமற்றவர்களாகத் தப்பித்திருப்போம்.

நான் அப்படித் தப்பித்தவன். நாய் ஓடி வந்தபோதே அது என்ன என்று எனக்குத் தெரியும். முகாமின் நடைகளில் அது ஓசையில்லாமல் நடந்து, கதவு திறந்திருந்த ஓர் அறைக்குள் நுழைய, சுவரில் யாருடைய நிழலோ திரும்புகிறதே, அந்தக் காட்சியை நான் ஒரு தகவலாகத்தான் பார்த்தேன். ஒரு படத்தை முதல் தடவை பார்ப்பது என்பது ஒரு தடவைதான். என் முதல் தடவையை 2011 படம் எடுத்துக்கொண்டது.

இரண்டாவது படத்தின் தோற்றுவாய் முதல் படத்தின் ஐந்தாறு நிமிஷங்களில் இருக்கிறது. மக்ரெடியும் டாக்டர் காப்பரும் நார்வே முகாமுக்குப் பறந்து போகிறார்கள். அது எரிந்து கிடக்கிறது. மரத்தில் பதிந்த ஒரு கோடரி. நாற்காலியில் தொண்டையையும் மணிக்கட்டையும் அறுத்துக்கொண்ட ஒருவன், வழிந்த ரத்தம் வழிந்தபடியே உறைந்திருக்கிறது. எதையோ வெளியே எடுத்த பெரிய பனிக்கட்டி, நடுவில் குழிந்து சவப்பெட்டி மாதிரி. வெளியே பாதி எரிந்த பிண்டம், அதில் ஒன்றோடொன்று இழுபட்ட இரண்டு முகங்கள். யாரும் எதையும் விளக்குவதில்லை. விளக்கத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். அவனைத்தான் கொன்றாகிவிட்டது.

2011 படம் இந்தச் சாமான்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் காரணம் தயாரிக்கிறது. கோடரி வந்த விதத்துக்கு ஒரு காட்சி. தொண்டையை அறுத்துக்கொண்டவனுக்கு ஒரு பெயர், காலின். இரண்டு முகங்கள் எட்வர்ட், ஆடம் என்ற இருவருடையவை. வெகு சிரத்தையான வேலை, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இது கணக்கை டேலி செய்கிறவனின் சிரத்தை. தினமும் சாயங்காலம் நான் செய்கிற வேலை, அதனால் அதன் திருப்தி எனக்குத் தெரியும். அந்தத் திருப்திக்கும் கலை அனுபவத்துக்கும் சம்பந்தம் கிடையாது. எரிந்த முகாமில் கோடரி கோடரியாக இல்லை. இன்னதென்று தெரியாத ஒரு பயத்தின் ஸ்தூலமான மிச்சமாக இருந்தது. காரணம் தெரிந்ததும் வெறும் கோடரியாகிவிட்டது.

நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் 'முன்கதைச் சுருக்கம்' என்று ஒன்று போடுவார்கள். சில வாரங்களைத் தவறவிட்டவர்களுக்கான தர்மகாரியம். ஹாலிவுட் அதைச் சுருக்காமல் விரித்து முழுநீளப் படமாக விற்கிறது. பால் ஷ்ரேடர் எடுத்த 'எக்ஸார்சிஸ்ட்' முன்கதையைத் தயாரிப்பாளர்கள் ஓரங்கட்டி, வேறொருவரை வைத்து மறுபடி எடுத்து 2004ல் வெளியிட்டு, அது கேலிக்குள்ளானபின் 2005ல் ஷ்ரேடருடையதையும் வெளியே விட்டார்கள். ஒரே முன்கதை இரண்டு தடவை. அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

இதில் விசேஷம் என்னவென்றால், 'தி திங்'கின் மூல ஆசிரியரே முன்கதையை வெட்டி எறிந்தவர். ஜான் கேம்பல் 1938ல் 'ஹூ கோஸ் தேர்?' என்ற குறுநாவலை ஒரு பத்திரிகையில் புனைபெயரில் வெளியிட்டார். அது முகாமுக்குள்ளேயே, பனிக்கட்டி உள்ளே வந்தபின் தொடங்குகிறது. கண்டெடுத்த விவரமெல்லாம் பேச்சில் வந்துபோகிறது. அதன் நீண்ட கைப்பிரதி ஹார்வர்டில் இருந்த காகிதங்களிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டு 2019ல் 'ஃப்ரோஸன் ஹெல்' என்று புத்தகமாயிற்று. கூடுதலாக இருப்பவை முன்பகுதி அத்தியாயங்கள்: பனிக்கடியில் விண்கலத்தையும் ஜந்துவையும் கண்டுபிடிக்கிற கதை. 2011 படம் எதற்காகப் பணம் செலவழித்ததோ அதை 1938லேயே ஒரு எழுத்தாளன் வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறான்.

1982 படம் மட்டும் என்ன, 1951ல் ஹோவர்ட் ஹாக்ஸ் தயாரித்த படத்தின் மறுபதிப்புதானே என்று கேட்கலாம். அன்று அப்படித்தான் கேட்டார்கள், பழையதற்கு ஈடாகவில்லை என்று திட்டவும் செய்தார்கள். இரண்டு வாரம் முன்பு ஸ்பீல்பர்க்கின் 'ஈ.டி.' வந்திருந்தது. அன்பான வேற்றுக்கிரகவாசியில் நனைந்திருந்த ஜனங்களுக்கு இது அருவருப்பாயிருந்தது. கார்ப்பென்டர் பழைய படத்தின் பக்தர், தன் 'ஹாலோவீ'னில் குழந்தைகள் டெலிவிஷனில் பார்ப்பதாக அதைக் காட்டியிருக்கிறார். ஆனால் தான் எடுக்க வந்தபோது அதன் இடைவெளிகளை நிரப்பப் போகவில்லை. அதைத் தாண்டிக் கேம்பலிடம் போனார். 1951ல் ஜந்து ஒரு நெட்டை மனிதன், எதிரி வெளியே இருந்தான். 1982ல் அது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். வாரிசாக இருப்பதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு.

பின்னதற்கு நியாயமும் செய்யவேண்டும். அதில் ஓர் அசலான எண்ணம் இருக்கிறது. ஜந்து உயிருள்ள உடம்பைத்தான் பிரதி எடுக்கும், உலோகத்தை எடுக்காது. குளியலறையில் கிடந்த பல் அடைத்த உலோகத் துணுக்குகளைப் பார்த்துக் கேட் என்ற பெண் இதைப் புரிந்துகொள்கிறாள். பிறகு டார்ச் அடித்து ஒவ்வொருவர் வாயையும் பார்க்கிறாள். பல் அடைத்திருப்பவன் மனிதன். நல்ல பல் உள்ளவன் சந்தேகத்துக்குரியவன், அவ்வளவுதான் சொல்லமுடியும். கார்ப்பென்டரின் ரத்தப் பரிசோதனை, சூடான கம்பியைத் தொட்டதும் ரத்தம் துள்ளுவது, சினிமாவாக இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அது தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. பல் பரிசோதனை சொல்வதில்லை. பழுதுதான் மனிதனுக்கு அத்தாட்சி, பழுதில்லாதவனுக்கு அத்தாட்சியே கிடையாது.

இது என்னைத் தொந்தரவு செய்ததற்குச் சொந்தக் காரணம் உண்டு. கௌண்டரில் என் வேலைகளில் ஒன்று கையெழுத்தை ஒத்துப்பார்ப்பது. ஸ்கேன் செய்த மாதிரிக் கையெழுத்து திரையில் வரும். சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் சொல்லிக்கொடுத்தார்: கொஞ்சம் மாறியிருந்தால் பயப்படாதே, அச்சாக அப்படியே இருந்தால் யோசி. நான் அதைக் கேட்டுக்கொண்டேன், கடைப்பிடிக்கவில்லை. ஒருநாள் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பென்ஷன் எடுக்க வந்தார். கை நடுக்கம். கையெழுத்து ஒத்துவரவில்லை. மறுபடி போடச் சொன்னேன். மூன்று தடவை போட்டார், மூன்றும் மூன்று விதம். கடைசியில் கைநாட்டு வைக்கும்படி ஆயிற்று. எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கியவர் மை தடவிய பெருவிரலைத் துடைத்துக்கொண்டே, "நான்தான் சார்" என்றார். புகாராகக்கூட இல்லை, தகவலாகச் சொன்னார். பழுது அவரிடம் இருந்தது. நான் அதை எதிர்ச்சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

'தி திங்' பேசவேண்டியது இதைத்தான். நான்தான் என்று ஒருவன் எப்படி நிரூபிப்பது? 2011 படம் இந்த வாசல்வரை வந்து, உள்ளே போகாமல், மிருகத்தைக் கட்டவிழ்த்துவிட்டு ஓடவைக்கிறது. கடைசியில், கேட் கடுக்கனைப் பற்றிச் சொல்ல, கூட வந்தவன் வேறு காதைத் தொடுவதாக ஒரு கணம் வருகிறது. நல்ல கணம். அதற்குள் படம் முடிந்துவிட்டது.

ஜந்துவின் உருவம் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். 1982ல் ராப் பாட்டின் என்ற இருபத்துச் சொச்சம் வயதுப் பையன் ரப்பரும் பசையும் கொண்டு கையால் செய்தவை அவை, அதனால் உயர்ந்தவை, கம்ப்யூட்டர் மட்டம் என்கிற வாதம் எனக்கு ஒப்புதலில்லை. கையால் செய்த குப்பையும் உண்டு. ஆனால் 2011ல் நடந்தது வேறு. அங்கேயும் கலைஞர்கள் பொம்மைகளைச் செய்தார்கள், நடிகர்கள் அவற்றின் எதிரில் நின்று நடித்தார்கள். பிற்பாடு அவற்றின்மேல் பெரும்பாலும் கம்ப்யூட்டர் உருவங்களை ஏற்றி மறைத்துவிட்டார்கள். பிரதி எடுக்கிற ஜந்துவைப் பற்றிய படம் தானே பிரதியாகிவிட்டது என்று இங்கே ஒரு வாக்கியம் எழுதலாம். சாமர்த்தியமான வாக்கியம்தான். நடிகன் பார்த்து மிரண்டது ஒன்று, நாம் பார்ப்பது வேறொன்று, பயம் நம்மிடம் வந்து சேராததற்கு அதுவே காரணம் என்பது இன்னும் பொருத்தம்.

முழுமை என்று சொன்ன நண்பருக்கு ஒரு விவரம். கார்ப்பென்டர் எரிந்த நார்வே முகாமுக்கென்று தனியாக எதுவும் கட்டவில்லை. படத்தின் முடிவுக்காக அமெரிக்க முகாமை வெடிவைத்துக் கொளுத்திவிட்டு, அந்த இடிபாடுகளிலேயே நார்வே முகாம் காட்சிகளை எடுத்தார். அதாவது மக்ரெடி டார்ச்சை அடித்துக்கொண்டு நடப்பது தன் முகாமின் சாம்பலில். சிக்கனத்துக்காகச் செய்ததுதான். இருந்தாலும் திரையில் அது என்னவோ செய்கிறது, விவரம் தெரியாதபோதே செய்தது. அங்கே என்ன நடந்தது என்ற கேள்விக்குப் பதில், இங்கே என்ன நடக்கப்போகிறதோ அது. முன்கதை அந்தப் படத்துக்குள்ளேயே இருந்தது.

ஒரே ஓர் ஆள் மட்டும் 2011 படத்திலிருந்து என்னோடு வந்துவிட்டான். லார்ஸ். ஆங்கிலம் தெரியாத நார்வேக்காரன், முகாமின் நாயைப் பார்த்துக்கொள்கிறவன். மற்றவர்கள் கேட்டுக்காகவும் நமக்காகவும் ஆங்கிலத்துக்கு மாறும்போது இவன் மட்டும் வெளியே நிற்கிறான். முடிவில் பெயர்கள் ஓடும் இடைவெளியில், மோரிக்கோனேயின் பழைய இசை வர, தான் வளர்த்த நாயின் உருவத்தைச் சுடுவதற்கு ஹெலிகாப்டரில் ஏறுகிறான். போகிற இடத்தில் அவன் பாஷை யாருக்கும் தெரியாது. அவனைப் பற்றி மட்டும் ஒரு படம் எடுத்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறுவிதமாக எழுதியிருப்பேன்.

சென்ற மாதம் தம்பி ஊரிலிருந்து வந்திருந்தான். இரண்டு படத்தையும் பார்த்ததில்லை என்றான். 1982 படத்தைப் போட்டேன். ஹெலிகாப்டரிலிருந்து சுட்டவன் செத்து விழுந்ததும், "அப்பாடா, நாய் தப்பிச்சுது" என்றான். நான் எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.