அடுத்த காதல் நாவல் எது?

“அடுத்து எந்தக் காதல் நாவலைப் படிக்கலாம்?” என்று இளந்தோழர் பலர் கேட்கின்றனர். கேள்வியைக் கேட்டவுடனே முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. காதற்கதை படித்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவர் என்று அஞ்சுவோர் அவர்கள். அவர்தம் கட்சியில் நாம் இல்லை. சாதிக் கோட்டையைத் தகர்க்கக் காதல் மணமே கருவி என்று முழங்கும் நாம், காதற்கதை படிப்பதைக் குற்றம் என்போமா? படியுங்கள், தாராளமாகப் படியுங்கள்! ஆனால், சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போதுகூடச் சொத்தையா என்று புரட்டிப் பார்க்கிறோமே. நாவலை எடுக்கும்போது மட்டும் அட்டைப்படத்தை நம்பிவிடலாமா?

புரட்டிப் பார்க்க மூன்று கேள்விகள் போதும். துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெண்ணுக்கு எதுவரை உண்டு? காதலன் மறைந்தபின் அவளுக்கு வாழ்வு உண்டா? அந்தக் காதலின் குறுக்கே சாதி வருகிறதா, அல்லது ஒளிந்துகொள்கிறதா?

முதற் கேள்வியைத் தமிழின் முதல் நாவலிடமே கேட்போம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தது. அதன் தலைவி ஞானாம்பாள் கற்றவள். கணவனினும் கூரிய அறிவினள். ஆணுடை பூண்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். பெண்ணுக்கு ஏடு எதற்கு என்று கேட்ட காலத்தில் இஃது எளிய செயலன்று. எனினும், அரசாளும் அறிவை அவளுக்கு அளித்த ஆசிரியர், உறவு வட்டத்துக்கு வெளியே துணை தேடும் உரிமையை அளித்தாரில்லை. அந்நாளில் அது பொறுக்கத்தக்கது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் அவ்வட்டத்தை விட்டு நகராத கதைகளை எவ்வாறு பொறுப்பது?

இரண்டாம் கேள்விக்கு நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழகத்து இல்லங்களில் பிறந்த குழந்தைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் சூட்டும் அளவுக்கு அந்நாவல் மக்களை ஆட்கொண்டது. தூய நடை, தொண்டு செய்யும் தலைவி, மேடையேறிப் பேசும் பெண். இவற்றையெல்லாம் மகிழ்ந்து வரவேற்கிறோம். ஆனால், மணம் முடியுமுன்பே அரவிந்தன் இறக்கிறான். பூரணியோ அவன் நினைவையே துணையாக்கி எஞ்சிய வாழ்நாளைத் துறவுபோல் கழிக்கிறாள். தாலி ஏறாத கழுத்துக்கும் கைம்மையா? இதைக் காவியக் காதல் என்று கண்ணீர் மல்கப் போற்றியோர், இறந்தவள் பூரணியாக இருந்திருந்தால் அரவிந்தனிடம் இதே நோன்பை எதிர்பார்த்திருப்பார்களா? ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் காதலுக்கெனத் தனிக் கட்டுரை தந்த பெரியார், காதல் தெய்விகமானது, ஒரே முறைதான் தோன்றும் என்ற பேச்சின் முகத்திரையைக் கிழித்தார். ‘குறிஞ்சி மலர்’ படிப்போர் அக்கட்டுரையையும் உடன்வைத்துப் படித்தல் நலம்.

மூன்றாம் கேள்வியே மூலக் கேள்வி. இதை ரமணிசந்திரன் வகைக் குடும்பக் காதல் நாவல்களிடம் கேட்போம். வாடகை நூல் நிலையங்களில் தாள் கிழியுமட்டும் கைமாறியவை இவை. செல்வம் படைத்த தலைவன், தன்மானம் மிக்க தலைவி, இடையில் ஒரு தவறான எண்ணம், இறுதியில் இணைவு. இவற்றைப் படிக்கும் பெண்களை எள்ளுதல் நம் நோக்கமன்று. நாளெல்லாம் அடுப்படியில் வெந்த பெண், தன்னிடம் மன்னிப்புக் கேட்கும் ஓர் ஆண்மகனை அக்கதைகளில் காண்கிறாள். வீட்டில் கிட்டாதது ஏட்டில் கிட்டுகிறது. ஏளனத்துக்குரியது அவளன்று, அந்த வீடு!

ஆனால், இக்கதைகளில் சாதி என்ற சொல்லே பெரும்பாலும் எழுவதில்லை. பணத்தால் தடை வரும், பழியால் தடை வரும், சாதியால் வராது. இரு வீட்டுப் பூசையறையும் ஒன்றுபோலவே இருக்கும். திருமண மேடையில் ஒருவரும் முணுமுணுக்கமாட்டார். சாதி ஒழிந்துவிட்டதனாலா? இல்லை! இருவரும் ஒரே சாதி என்று வாசகர் தாமே எண்ணிக்கொள்வர் என்ற நம்பிக்கையினால்.

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ 2013-இல் வந்தது. அதிலும் எந்தச் சாதியின் பெயரும் கிடையாது. ஆனால் அங்கே வாய்மூடல் வேறு வகை. குமரேசன் மணந்து அழைத்துவரும் சரோசாவை, ‘இவள் என்ன சாதி?’ என்று ஊரே துருவுகிறது. தாயின் ஒப்பாரி ஓயவில்லை. ஊர் விலக்கு வருகிறது. இறுதியில் நெருப்பு வருகிறது. பெயர் சொல்லாமையால் எந்த ஊராரும் ‘இது எங்களைப் பற்றியதன்று’ என்று தப்ப இயலாது. முன்னதில் மௌனம் சாதியை மறைக்கிறது. பின்னதில் மௌனம் சாதியைக் காட்டிக்கொடுக்கிறது. திறனாய்வாளன் காணவேண்டிய வேற்றுமை இதுவே.

‘கதைதானே, இத்தனை ஆராய்ச்சி எதற்கு?’ என்பார் சிலர். 1967-இல் அண்ணாவின் அரசு சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளித்தது. ஐயரும் தீயும் இல்லாமலே மணம் செல்லும் என்றாயிற்று. ஆனால், 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த இளைஞன் ஒருவன் பட்டப்பகலில், நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டான். உடன்சென்ற மனைவியும் வெட்டுண்டாள். சட்டம் இடம் தந்தது. சமூகம் அரிவாள் தந்தது. சாதி இல்லாத காதலையே கதையில் படித்துப் பழகிய இளைஞர், அந்த அரிவாளை எதிர்கொள்ளும் நாளில் எந்த ஏட்டை நினைப்பர்?

ஆகவே தோழர்களே, நூலகத்தில் காதல் நாவலை எடுத்ததும் கடைசி அத்தியாயத்தை முதலில் புரட்டுங்கள். சுவை குன்றுமே என அஞ்சவேண்டா. இணைவில் முடியும் என்பது எவருக்கும் தெரிந்ததுதானே! அந்த இணைவுக்கு விலை கொடுத்தது யார் என்று மட்டும் பாருங்கள். பெண் படிப்பை விட்டாளா, பணியை விட்டாளா, கேள்வி கேட்பதை விட்டாளா? விட்டாள் எனில், அந்நூலைப் படிப்பதாயினும் விழித்த கண்ணோடு படியுங்கள். ‘பூக்குழி’யை இன்னும் படிக்காதோர் அதையே அடுத்த நாவலாகக் கொள்க. படித்தபின் அலமாரியில் அடைக்காமல், காதலித்து மணந்தவரைத் தூற்றும் ஓர் உறவினர் கையில் கொடுங்கள்.