சுருதி சேர்ந்த ஸ்டியரிங்

ஆலங்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் பழைய மஹிந்திரா பிக்-அப் ஒன்றின் அடியில் படுத்துப் பார்த்தேன். வடகாட்டுப் பலாப்பழம் ஏற்றுகிற வண்டி. முன்னச்சு பழையதே. ஸ்டியரிங் பாக்ஸ் மட்டும் பிற்கால வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய பவர் ஸ்டியரிங். ஸ்பிரிங் பட்டைகள் புதிதாய் அடித்தவை. வேறு வேறு இடத்துச் சாமான்கள் ஒரே வண்டியில் சண்டை போடாமல் இருந்தன. அது எப்படி என்று பார்ப்பதிலேயே ஒரு காலைப்பொழுது போய்விட்டது.

1947-இல் மஹிந்திரா வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கிய நாளிலிருந்து இந்த வண்டிகளின் முன்பக்கம் எளிமையானது: குறுக்கே ஓர் அச்சு, இருபுறமும் பட்டை. பட்டையின் பின்முனை சேஸிஸில் பின் போட்டு நிற்கிறது. முன்முனை ஷாக்கிளில் ஆடுகிறது. அதனால் பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது அச்சு நேராக மேலே போவதில்லை. நிலைத்த முனையை மையமாக வைத்து ஒரு வளைவு போடுகிறது. பாக்ஸிலிருந்து அச்சுக்கு வரும் டிராக் லிங்க்கும் தன் போக்கில் இன்னொரு வளைவு போடுகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், ஓட்டுபவர் திருப்பாமலே பள்ளம் சக்கரத்தைத் திருப்பிவிடும்.

நயம் இங்கேதான். புது பாக்ஸ் பழைய இடத்தில் உட்காராது. எங்கே வசதியோ அங்கே துளை போட்டு மாட்டிவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். இந்த மேஸ்திரி, பட்டைகளில் மெயின் பிளேட்டை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றியிருந்தார். அப்போதுதான் ஜாக்கியால் அச்சை லேசாக ஏற்றி இறக்க முடியும். டயருக்குப் பக்கத்தில் நூல் கட்டி, சக்கரம் திரும்புகிறதா என்று பார்த்தார். பாக்ஸை விரல் அகலம் நகர்த்துவார், மறுபடி ஏற்றி இறக்குவார். சேஸிஸில் சாக்பீஸ் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கடைசியில் லிங்க்கின் பின்மூட்டு, பட்டையின் நிலைத்த முனைக்கு அருகிலேயே வந்து நின்றது. சக்கரம் ஏறியது, இறங்கியது, நூலை விட்டு விலகவில்லை. சுருதி சேர்ந்தது என்றுதான் சொல்லத் தோன்றியது. பாறையில் இசைக்கல்வெட்டு வெட்டிய குடுமியான்மலை இருக்கும் மாவட்டத்தில் வேறு சொல் எதற்கு?

அடுத்தது லிங்க்கின் முனையில் இருக்கும் பால் ஜாயின்ட். அதன் தண்டு கூம்பாக இருக்கும். அது உட்காரும் ஸ்டியரிங் ஆர்மின் துளையும் அதே சரிவில் இருக்க வேண்டும். 8-க்கு 1, 10-க்கு 1 என்று இரண்டு சரிவுகளும் புழக்கத்தில் உண்டு. கலந்து மாட்டினாலும் நட்டு இறுகும், கண்ணுக்குத் தப்பு தெரியாது. ஆனால் உள்ளே ஒரு வளையத்தில் மட்டும் பிடித்து, ஆடி ஆடி ஒருநாள் தண்டு முறியும். அவர் தண்டில் நீலச்சாயம் தடவி, துளையில் வைத்து ஒரு திருகு திருகி எடுத்தார். சாயம் முழு நீளத்துக்கும் ஒட்டியிருந்தது. பார்க்க அவ்வளவு அழகு!

பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே மெல்லிய ஆப்பு ஒன்று. இது காஸ்டர் கோணத்துக்காக, அதாவது சக்கரம் திரும்பும் அச்சுக்கோடு பின்னால் சாயும் அளவுக்காக. வில்லிஸ் ஜீப்புக்கு 3 டிகிரி. அதைக் கூட்டினால் ஸ்டியரிங் தானே நடுவுக்குத் திரும்பும், கைக்குக் கனக்கும். பவர் ஸ்டியரிங் அந்தக் கனத்தைத் தாங்கிக்கொள்ளும் என்பதால் கொஞ்சம் கூட்டலாம். நான் "இன்னும் கொஞ்சம் வைக்கலாமே" என்றேன். "பலாப்பழம் ஏறுனா பின்னாடி இறங்கும்ணே, மூக்கு தூக்கும், காஸ்டர் தானா கூடிரும்" என்றார். மணல் மூட்டைகளை ஏற்றி வைத்துத்தான் ஆப்பின் கனத்தை முடிவு செய்திருக்கிறார்.

அந்த ஒரு பதிலுக்காகவே இதை எழுதுகிறேன்.

பழைய வண்டிக்குப் பவர் ஸ்டியரிங் போட நினைப்பவர்கள், காசு கொடுக்குமுன் அச்சை ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். நூல் கட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் ஆர்மைக் காய்ச்சி வளைக்கவோ வெல்டிங் வைக்கவோ யாரையும் விடாதீர்கள்.