தாய்க்கப்பலைச் சுற்றி ஒரு போர்

கனடாவின் ரெலிக் நிறுவனம் உருவாக்கி 1999இல் வந்த ‘ஹோம்வேர்ல்ட்’, வியூகப் போர் விளையாட்டைத் தரையிலிருந்து முழுமையாக விண்வெளிக்குத் தூக்கிச் சென்றது. எதிரி பக்கவாட்டில் மட்டுமல்ல, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் வருவான்.

கராக் என்னும் பாலைக் கிரகத்து மக்கள், ஹிகாரா என்ற பூர்வீகத்தைத் தேடித் தாய்க்கப்பலில் புறப்படுகிறார்கள். சோதனை ஓட்டம் முடிந்து திரும்பினால், கராக் எரிந்துகொண்டிருக்கிறது. பின்னணியில் சாமுவேல் பார்பரின் ‘அடாஜியோ’ குரலிசையாக ஒலிக்கிறது. வெற்றிக் களிப்பையே நம்பிய ஒரு விளையாட்டு வகையில் இப்படியொரு துக்கத்தை நான் வேறெங்கும் உணர்ந்ததில்லை.

இதன் உயிர்நாடி இன்னொன்று: ஒரு கட்டத்தில் பிழைத்த கப்பல்களே அடுத்த கட்டத்துக்கும் வரும். அதனால் சின்னஞ்சிறு போர்க்கலத்தை இழப்பதற்கும் மனம் வருவதில்லை.

ஆனால் அதே விதி, அதிகம் இழந்தவரைப் பிற்பகுதியில் வாட்டுகிறது. சண்டை ஓய்ந்த பிறகு கனிமம் சேரும்வரை வெறுமனே காத்திருப்பது அலுப்பு. எதிரிக் கப்பல்களை இழுத்துவந்து நமதாக்கும் மீட்புக்கலங்களுக்கு வலிமை மிகையாகிவிட்டது. கெட்டிக்காரர் கையில் சவாலே கரைந்துபோகும்.

2015இன் மறுபதிப்பு கண்ணுக்கு விருந்து. எனினும் படை அணிவகுப்பின் பழைய நேர்த்தி அதில் குலைந்தது. 2016 திருத்தம் ஓரளவு சரிசெய்தது. மறுபதிப்புத் தொகுப்பிலேயே 1999இன் மூலமும் இருக்கிறது. முதலில் அதை ஆடிப் பாருங்கள்.