மரத்தடி முடிவெட்டு

எகிப்தில், லக்ஸருக்கு எதிரே நைலின் மேற்குக் கரையில் ஷேக் அப்த் எல்-குர்னா குன்று இருக்கிறது. அதைக் குடைந்து அமைத்த கல்லறைகளில் 56ஆம் எண் உசெர்ஹாத் என்பவருடையது. கி.மு. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில், இரண்டாம் அமென்ஹோதெப் காலத்தில் அரச எழுத்தராக இருந்தவர். ரொட்டிக் கணக்கு அவர் பொறுப்பு. உடலை வைத்தது கீழே, குழிக்குள். மேலே உறவினர் வந்து படைக்க இரண்டு மண்டபங்கள். ஓவியங்கள் எல்லாம் அங்கேதான்.

வழக்கப்படி எழுத்தர் பெரிதாக நிற்கிறார், படையல் குவிந்திருக்கிறது. அதையெல்லாம் ஒரு பார்வையில் கடந்துவிடலாம். முன்மண்டபத்தில் படைக்கு ஆள் எடுத்து ரொட்டி கொடுக்கும் காட்சி இருக்கிறது. அங்கே நின்றுவிட வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு மரத்தடியில் முடி வெட்டுகிறார்கள். வெட்டிக்கொள்பவன் தலையைக் கொடுத்துவிட்டு அடக்கமாக உட்கார்ந்திருக்கிறான். தங்கள் முறைக்குக் காத்திருப்பவர்களிடம்தான் ஓவியர் தம் கைவரிசையைக் காட்டியிருக்கிறார். ஒருவன் குந்தியபடியே தலை கவிழ்ந்து தூங்குகிறான். இடம் போதாமல் இருவர் ஒரே இருக்கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். எழுத்தரின் பெருமைக்கு இந்தத் தூக்கம் எந்த வகையிலும் உதவாது. இருந்தும் வரைந்திருக்கிறார் என்றால், அந்த அலுப்பை எங்கோ நேரில் பார்த்து ரசித்த மனிதராகத்தான் இருக்க வேண்டும்.

உள்மண்டபத்தில் வேட்டை. உசெர்ஹாத் கடிவாள வாரை இடுப்பில் சுற்றிக்கொண்டு, இரு கையாலும் வில்லை வளைக்கிறார். தேர் பாய்கிறது, மான்களும் முயல்களும் சிதறி ஓடுகின்றன. அத்தனை அமளியிலும் ஒரு நரி மட்டும் புதருக்குள் அடிபட்டுச் சாய்ந்து கிடக்கிறது. அதற்குக் கொடுத்திருப்பது சின்ன இடம்தான், ஆனால் கண் தேரை விட்டு அங்கேதான் போகிறது.

விருந்துக் காட்சியில் பெண்களின் உருவங்கள் சிதைந்திருக்கின்றன. பிற்காலத்தில் இங்கே தங்கிய கிறித்தவத் துறவிகளின் வேலை என்கிறார்கள். நல்லவேளை, முடிவெட்டுக்காரர் மேல் அவர்களுக்கு ஆட்சேபம் ஏதும் இருக்கவில்லை.

லக்ஸர் போகிறவர்கள் பெரும்பாலும் 55ஆம் எண்ணில் உள்ள ரமோஸ் கல்லறையின் புடைப்புச் சிற்பங்களைத் தேடிப் போவார்கள். பார்க்க வேண்டியவைதான். ஆனால் அப்படியே திரும்பிவிடாதீர்கள். 56 பக்கத்திலேயே இருக்கிறது.