சொலானா: ஓட்டுக்கு வெளியே 14 வருடங்கள்

ஹாவியர் சொலானாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒரு விஷயம் இடிக்கிறது. இயற்பியல் பேராசிரியர், ஸ்பெயின் சோஷலிஸ்ட், ஒருகாலத்தில் நேட்டோவை எதிர்த்தவர். 1982 முதல் 1995 வரை அமைச்சர். தேர்தல் வந்தால் மக்களிடம் பதில் சொல்லியாகணும். 1995 டிசம்பரில் அதே நேட்டோவுக்குப் பொதுச்செயலாளர் ஆனார். 1999 மார்ச்சில், ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் ஒப்புதல் இல்லாமலேயே யுகோஸ்லாவியா மீது தாக்குதல் தொடங்க உத்தரவிட்டார். 78 நாள் குண்டுவீச்சு. அதே வருடம் ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுப் பிரதிநிதி, 2009 வரை.

கருத்து மாறுவது தப்பில்லை. கொசோவோ அல்பேனியர்களைக் காக்க வேறு வழியில்லை என்பார்கள், இருக்கலாம். ஆனா முடிவு 19 நாடுகளுடையது, உத்தரவு இவருடையது என்றால், தப்பாகப் போயிருந்தால் யாரை ஓட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்புவது? அவருடைய ராஜதந்திரத்தைப் புகழ்பவர்கள் இதைத் தொடுவதே இல்லை.