நிழற்படக் கொடையும் பதிப்புரிமையும்: ஒப்புதல் படிவங்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றை எழுத முற்படுவோர்க்குக் குடும்ப நிழற்படங்கள் முதன்மைச் சான்றுகளாகும். தோட்டப்புறத் திருமணங்கள், தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாக்கள், கோவில் திருவிழாக்கள் ஆகியவற்றின் படங்களைப் பொது ஆவணக் காப்பகங்களுக்கு வழங்குவது வரவேற்கத்தக்கதே. ஆயின், வழங்குங்கால் கையொப்பமிடப்படும் ஒப்புதல் படிவம் எதனை உறுதிப்படுத்துகின்றது என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

படத்தின் தாளை உடைமையாகக் கொண்டிருப்பது வேறு. அதன் பதிப்புரிமையைப் பெற்றிருப்பது வேறு. எல்லா உரிமைகளும் தமக்கே உரியன எனக் கொடையாளரை உறுதிகூறச் செய்யும் படிவம் இவ்வேறுபாட்டை மறைக்கின்றது. பாட்டனாரின் திருமணப் படத்தை எடுத்தவர் நிழற்பட நிலையத்தாராக இருக்கலாம்; அதற்குப் பணம் கொடுத்தவர் இன்னொருவராக இருக்கலாம்.

சட்டமும் ஒருதன்மைத்தன்று. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, பணித்து எடுப்பித்த படத்தின் உரிமை பணித்தவரைச் சாரும். சிங்கப்பூரின் 1987ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டணம் கொடுத்து எடுப்பித்த படங்களுக்கு இவ்வாறே விதித்திருந்தது. ஆனால், 21.11.2021 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டம், உடன்பாடு வேறாக இல்லையெனில், படம் எடுத்தவரையே முதல் உரிமையாளராகக் கொள்கின்றது. எனவே, ஒரே குடும்பத் தொகுப்பிலுள்ள இரு திருமணப் படங்கள் இருவேறு உரிமையாளர்க்கு உரியனவாதல் கூடும். காலத்தையும் எடுப்பித்தவரையும் வினவாத படிவம் குறைபாடுடையது என்பதில் ஐயமில்லை.

உரிமத் தேர்வும் இத்தகைய கவனத்தை வேண்டுவது. 2002ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களுள், வணிகப் பயன்பாட்டை விலக்கும் வகையே பாதுகாப்பானது எனப் பலர் கருதுவர். அவ்வுரிமம் பெற்ற படத்தை விற்பனைக்குரிய தமிழ்ப் பயிற்றுநூலில் பதிப்பகத்தார் சேர்க்கத் தனி அனுமதி பெறவேண்டி வரும். விக்கிமீடியா காமன்ஸும் அவ்வகைப் படங்களை ஏற்பதில்லை. அதே வேளையில், ஒருமுறை வழங்கிய உரிமத்தை அதன்வழிப் பயன்படுத்துவோரிடமிருந்து மீட்டுக்கொள்ள இயலாது. உரிமையில்லாதவர் வழங்கும் உரிமமோ செல்லாது. அதனை நம்பிப் படத்தை அச்சிட்ட ஆசிரியரே வழக்கிற்கு ஆளாக நேரிடலாம். ஆகவே, பொய்யுறுதியின் சுமை கொடையாளரோடு நின்றுவிடுவதில்லை.

இதற்கு மாற்று வழி உண்டு. 2008ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துடன் தொடங்கப்பெற்ற ஃபிளிக்கர் காமன்ஸ் திட்டத்தில், பதிப்புரிமைக் கட்டுப்பாடு எதுவும் அறியப்படவில்லை எனும் குறிப்புடன் படங்கள் வெளியிடப்பட்டன. இக்குறிப்பு எவர்க்கும் உரிமை வழங்குவதன்று. நிறுவனம் தேடி அறிந்ததன் எல்லையை நேர்மையாக உரைப்பது. அதனை ஒட்டி, நம் படிவங்களும் படம் யாரிடம் இருந்தது, யார் எடுத்தார், யார் பணித்தார், எவ்வாண்டில் என்பவற்றைத் தனித்தனியே பதிவு செய்தல் வேண்டும். தெரியாதவற்றைத் தெரியாது என எழுதவும் அதில் இடமிருத்தல் வேண்டும். படத்தின் பின்புறத்திலுள்ள நிழற்பட நிலைய முத்திரையும் மின்வருடப்பட வேண்டும். பல வேளைகளில் எடுத்தவரை அறிய எஞ்சியிருக்கும் ஒரே சான்று அதுவாகும்.

கொடையாளர் தாம் அறியாததை உறுதிகூறுமாறு வற்புறுத்தும் காப்பகம் தன்னைக் காத்துக்கொள்ள முயல்கின்றதேயன்றி ஆவணத்தைக் காக்கவில்லை. வரலாற்றுச் சான்றின் நம்பகத்தன்மை, அதனுடன் வரும் உரிமைக் குறிப்பிலிருந்தே தொடங்குகின்றது எனலாம்.